கடைசி வீட்டுக்கும் கேபிள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா ஊரடங்கு வந்த 2020ஆம் ஆண்டில், வேலை நிமித்தமாக நான் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் குடியிருந்தேன். ஊர் என்று சொல்ல அங்கே தெரு கிடையாது. தார்ச்சாலையிலிருந்து பிரிகிற ஒரு வண்டிப்பாதை, அதில் ஒன்பது வீடுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மேய்ச்சல் நிலங்கள். கொங்கு நாட்டில் தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இணையம் பழைய டெலிபோன் கம்பியில் வந்தது. மழை வலுத்தால் அதுவும் நின்றுவிடும். ஆன்லைன் வகுப்பு இருந்த நாட்களில், நாலு கிலோமீட்டர் தள்ளி மூடிக் கிடந்த நூலகத்தின் வாசலில் காரை நிறுத்தி, அதன் வைஃபையில்தான் என் மகள் பாடம் கேட்டாள். அந்த வாசலில் இன்னும் சில கார்கள் நிற்கும். எல்லாவற்றிலும் பின் இருக்கையில் ஒரு பிள்ளை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடு வளர்ப்பவர். ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்குத் தரும் நேரடி மானியத்துக்கு, 2018 முதல் அயர்லாந்தில் இணையம் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். வழக்கமாக அவர் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் அந்த வேலையை முடித்துக்கொண்டு வருவார். அந்த வருடம் 70 வயது தாண்டியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. மானியம் தருகிற ஒன்றியம் இணையத்தில் வந்து கேள் என்கிறது. அவர் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. இரண்டு இரவுகள் அவரோடு திண்ணையில் இடைவெளி விட்டு உட்கார்ந்து, என் போனில் சிக்னல் கிடைத்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் படிவத்தை நிரப்பினோம்.

அந்த இரவுகளுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நான் உட்கார்ந்து படித்தேன். இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இணையம் கொடுக்க ஐரோப்பா என்ன செய்தது, எங்கே சறுக்கியது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபைபர் கேபிளே பெரிய செலவு இல்லை. பள்ளம் தோண்டுவது, குழாய் பதிப்பது, கம்பம் நடுவது, இவைதான் பணத்தை விழுங்குகின்றன. மொத்தச் செலவில் 80 விழுக்காடு வரை இந்த வேலைகளுக்கே போகிறது என்று, ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்துகிற ஐரோப்பிய ஆணையமே கணக்குச் சொல்லியிருக்கிறது. நகரத்தில் ஒரு கிலோமீட்டர் தோண்டினால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள். எங்கள் பாதையில் ஒன்பது பேர், அதில் இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. லாபம் பார்த்து நடக்கிற எந்தக் கம்பெனியும் அங்கே தானாக வராது. இதில் கம்பெனியைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

2010இல் ஒன்றியம் இலக்கு வைத்தது. 2013க்குள் எல்லோருக்கும் அடிப்படை பிராட்பேண்ட். 2020க்குள் எல்லோருக்கும் வினாடிக்கு 30 மெகாபிட் வேகம், அதாவது 30 எம்பிபிஎஸ்; பாதி வீடுகளாவது 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கியிருக்க வேண்டும். முதல் இலக்கு நிறைவேறிவிட்டது என்று 2013இல் அறிவித்தார்கள். எப்படி? கம்பியும் மொபைலும் போய்ச் சேராத சுமார் 30 லட்சம் பேரைச் செயற்கைக்கோள் எட்டுகிறது என்று கணக்கில் சேர்த்தார்கள். அது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் இணைப்பில், பேசினால் பதில் வரத் தாமதம், மாதத்துக்கு இவ்வளவுதான் டேட்டா என்று கட்டுப்பாடு, பணமும் கூடுதல். வரைபடத்தில் அந்த வீடு நிறைந்துவிட்டது. வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை.

அதே 2013இல் இன்னொன்றும் நடந்தது. டிஜிட்டல் கட்டமைப்புக்காக ஆணையம் 920 கோடி யூரோ கேட்டிருந்தது. நாட்டுத் தலைவர்கள் பட்ஜெட் பேசி முடித்தபோது அது ஏறக்குறைய 100 கோடியாகச் சுருங்கியிருந்தது. வேறு நிதிகளிலிருந்து பணம் வந்தது உண்மைதான். 2014க்கும் 2020க்கும் நடுவே சுமார் 1,500 கோடி யூரோ பிராட்பேண்டுக்கென ஒதுக்கப்பட்டது. ஆனாலும் 2018இல் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் வெளியிட்ட அறிக்கை வருத்தம் தருவதாக இருந்தது. அப்போது இருந்த 28 நாடுகளில் 14 நாடுகளின் கிராமங்களில் பாதி வீடுகளுக்குக்கூட வேகமான இணையம் போய்ச் சேரவில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பை வாங்கியிருந்த வீடுகள் நூற்றுக்கு 15தான். அடைய வேண்டியது 50.

சரி, உருப்படியாக நடந்தது என்ன? என்னைக் கேட்டால், பணத்தைவிட ஒரு விதியைத்தான் முதலில் சொல்வேன். ஐரோப்பாவில் அரசு தன் இஷ்டப்படி ஒரு கம்பெனிக்கு மானியம் கொடுத்துவிட முடியாது. போட்டியைக் கெடுக்கும் என்று ஆணையம் தடுக்கும். பிராட்பேண்டுக்கு மானியம் கொடுக்க வேண்டுமானால் முதலில் வரைபடம் போட வேண்டும். எந்த எந்த முகவரிக்கு இணைப்பு இருக்கிறது, அடுத்த சில ஆண்டுகளில் யாராவது தங்கள் சொந்தப் பணத்தில் கொண்டுவரப் போகிறார்களா என்று எல்லாக் கம்பெனிகளையும் கேட்க வேண்டும். யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியான இடத்துக்கு 'வெள்ளைப் பகுதி' என்று பெயர். ஒரே வலையமைப்பு இருந்தால் சாம்பல், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் கறுப்பு. அரசுப் பணம் முக்கியமாக வெள்ளைப் பகுதிக்குப் போக வேண்டும், அதுவும் திறந்த டெண்டர் வழியாக. அப்புறம் விலைக்கு உயிரான நிபந்தனை ஒன்று இருக்கிறது. மானியத்தில் போட்ட கேபிளை, கேட்கிற எல்லாச் சேவைக் கம்பெனிகளுக்கும் வாடகைக்குத் திறந்துவிட வேண்டும். அந்த வாடகை, போட்டி நடக்கிற பகுதிகளின் விலையை ஒட்டி இருக்க வேண்டும்.

அயர்லாந்து இந்த வழியில்தான் போனது. அதன் வெள்ளைப் பகுதியில் நாட்டின் நிலப்பரப்பில் 96 விழுக்காடு அடங்கியது. அங்கே வசிப்பவர்கள் சுமார் 11 லட்சம் பேர், கட்டடங்கள் ஐந்தரை லட்சம் அளவில். திட்டத்தை 2012இல் அறிவித்தார்கள், கையெழுத்தானது 2019 நவம்பரில். அந்த ஏழு வருடம் ஐரிஷ் கிராமங்கள் பட்ட பாட்டை நான் நேரில் கேட்டிருக்கிறேன். டெண்டரில் இருந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஒரே போட்டியாளர்தான் மிஞ்சினார். டெண்டரில் இருந்தவரைத் தனியாகச் சந்தித்தார் என்ற சர்ச்சையில் 2018 அக்டோபரில் துறை அமைச்சர் பதவி விலகினார். செலவு 300 கோடி யூரோ வரை போகலாம் என்றதும், நாட்டின் பொதுச் செலவினத் துறையே இதற்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்த அதிகாரிகளின் கவலை நியாயமானது. ஒரு வீட்டுக்கு ஆகிற சராசரிச் செலவைப் பார்த்தால் யாருக்கும் தயக்கம் வரும். அரசு அதையும் மீறி முடிவெடுத்தது. 260 கோடி யூரோ அரசு உதவிக்கு ஆணையமும் அனுமதி தந்தது.

அந்த நாட்களில் ஐரிஷ்காரர்கள் அடிக்கடி எடுத்த பேச்சு கிராம மின்சாரம். 1946 நவம்பரில் டப்ளினுக்கு வடக்கே கில்சாலகன் என்ற இடத்தில் முதல் கம்பம் நட்டார்கள். கெர்ரி மாவட்டத்தின் கறுப்புப் பள்ளத்தாக்குக்கு விளக்கு போய்ச் சேர்ந்தபோது 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அந்த வரலாற்றில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. கம்பம் நடுவதற்கு முன் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் யார் யார் இணைப்பு எடுப்பார்கள் என்று கையெழுத்து வாங்குவார்கள். அதிகம் பேர் சம்மதித்த வட்டாரத்துக்கு முதலில் மின்சாரம். கம்பி வாசலுக்கு வந்தபின் வேண்டாம் என்று பின்வாங்கியவர்களும் நிறைய. அவர்களுக்கென்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. ஏன் பின்வாங்கினார்கள்? மின்சாரத்தை வெறுத்து இல்லை. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் ஒன்று இருந்தது, அதை வீட்டின் பரப்பளவை வைத்துக் கணக்கிட்டார்கள். கையில் காசு புரளாத குடியானவர், ஒவ்வொரு தவணையும் வரப்போகிற அந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்தார்.

கம்பி வாசல் வரை வந்தாலும் மாதக் கட்டணம் கட்ட முடியாதவருக்கு அது வந்ததாகக் கணக்கில்லை. ஐரோப்பா இதைச் சட்டத்தில் எழுதியது 2018 டிசம்பரில், மின்னணுத் தொடர்புச் சட்டத் தொகுப்பு என்ற உத்தரவில். அதற்கு முன்பே பின்லாந்து 2010 ஜூலையில் 1 எம்பிபிஎஸ் இணைப்பை ஒவ்வொரு குடிமகனின் சட்ட உரிமையாக்கியிருந்தது. 2018 உத்தரவு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சொன்னது இது: ஒரு வீட்டுக்குத் தேவையான பிராட்பேண்ட் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்க வேண்டும். தேவையானது என்றால் எவ்வளவு? எம்பிபிஎஸ் எண் எதையும் அதில் எழுதவில்லை. 11 வேலைகளைப் பட்டியலிட்டார்கள். மின்னஞ்சல், தேடுபொறி, படிப்பு, செய்தித்தாள், பொருள் வாங்குவது, வேலை தேடுவது, தொழில் தொடர்பு, வங்கிக் கணக்கு, அரசுச் சேவை, சமூக ஊடகம், வீடியோ அழைப்பு. இவை அத்தனைக்கும் தாங்க வேண்டும். எளிய வருமானக்காரருக்கு விலை எட்டவில்லையென்றால், சலுகைக் கட்டணமோ நேரடி உதவியோ கிடைக்க நாடு வழிசெய்ய வேண்டும். இந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தது. வேகத்தை மனிதரின் அன்றாட வேலையை வைத்து அளக்கிறது.

அரசை மட்டும் எதிர்பார்க்காத ஊர்களும் உண்டு. சுவீடனில் கிராமத்தார் சங்கம் அமைத்து, தங்கள் டிராக்டரிலேயே பள்ளம் தோண்டி ஃபைபர் பதித்தார்கள். நிலத்துக்காரர்கள் கேபிள் போக இடம் கொடுத்தார்கள். ஒன்றியத்தின் கிராம வளர்ச்சி நிதி ஒரு பங்கு செலவை ஏற்றது. உழைப்பு தங்களுடையது என்பதால் ஒரு வீட்டுக்கான செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் டிராக்டரும் ஒற்றுமையும் கூட்டம் நடத்தத் தெரிந்த ஆளும் இல்லாத ஊருக்கு இது வழியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது 2030 இலக்கு எல்லா வீட்டுக்கும் கிகாபிட் வேகம், அதாவது 1,000 எம்பிபிஎஸ். 2024இல் வந்த கிகாபிட் கட்டமைப்புச் சட்டம், பள்ளம் தோண்ட அனுமதி கேட்டால் நான்கு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. சாலையோ குழாயோ அரசுப் பணத்தில் தோண்டும்போது அதே பள்ளத்தில் கேபிளும் போக இடம் தர வேண்டும் என்கிறது. ஆனால் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மிக அதிவேக இணைப்பு எட்டக்கூடிய வீடுகள் ஒன்றியம் முழுவதற்கும் சுமார் 79 விழுக்காடு, கிராமங்களில் சுமார் 56தான். மிச்சமிருப்பவை வண்டிப்பாதையின் கடைசி வீடுகள். செலவு பிடிக்கிற வீடுகள். 2030 நெருங்கும்போது 2013இல் செய்ததுபோல வானத்தைக் காட்டிக் கணக்கை முடித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

எங்கள் பாதைக்கு 2023இல் ஃபைபர் வந்தது. அதற்குள் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். பெரியவர் மாதம் ஒருமுறை வீடியோவில் அழைக்கிறார். போன தடவை போனைத் தொழுவத்துக்கே எடுத்துப்போய்ப் புதிதாகப் பிறந்த கன்றைக் காட்டினார். அங்கே கன்று பிறந்தால் 27 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். காதில் வில்லை மாட்டிய அன்று மாலையே சமையலறை மேசையில் உட்கார்ந்து பதிவை முடித்துவிட்டாராம்.

நன்றி, வணக்கம்.