ஊர்வலத்தின் கையில் இருப்பது என்ன?

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

தீவிரவாதக் குழுக்கள் பொதுச் சாலையில் ஊர்வலம் போக அனுமதிக்கலாமா என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. இதில் பேச என்ன இருக்கிறது, 'கூடாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. பழைய வழக்குகளைப் படிக்கப் படிக்க அந்த ஒரு சொல் என் கையைவிட்டு நழுவிவிட்டது. அது எப்படி நழுவியது என்பதையே இன்று சொல்லப்போகிறேன். கொலையையும் குண்டுவெடிப்பையும் தொழிலாகக் கொண்டு, சட்டப்படி தடைசெய்யப்பட்ட இயக்கங்கள் என் பேச்சில் இல்லை. ஓர் இனத்தையோ மதத்தையோ வெறுப்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டு, 'சாலை எங்களுக்கும் பொதுதானே' என்று மனுவோடு வந்து நிற்கிறவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

அமெரிக்காவில் சிகாகோவுக்கு வடக்கே ஸ்கோக்கி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1977-இல் அங்கே சுமார் 70,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 40,000 பேர் யூதர்கள். அந்த யூதர்களிலும் பல ஆயிரம் பேர் ஹிட்லரின் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்கள். அப்படிப்பட்ட ஊரின் நகர்மன்றக் கட்டடத்தின் எதிரே, நாஜிச் சீருடை அணிந்து, ஸ்வஸ்திகாவைக் கையில் ஏந்தி நடக்கப்போவதாக ஃபிராங்க் காலின் என்பவர் அறிவித்தார். அவர் அமெரிக்க தேசிய சோசலிசக் கட்சி என்ற சிறு கூட்டத்தின் தலைவர். அவருடைய சொந்தத் தந்தையே டாக்காவ் வதைமுகாமில் இருந்து மீண்ட யூதர் என்பது பின்னால் வெளியே வந்தது. கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். வாழ்க்கை இப்படியும் எழுதுகிறது.

இங்கே ஒன்றை இடைமறித்துச் சொல்ல வேண்டும். ஸ்வஸ்திகா நமக்குப் பூசையறையில் இருக்கும் மங்கலக் குறி. அதைப் பார்த்து ஒருவருக்கு உடல் நடுங்கும் என்பதை நாம் அறிவால் புரிந்துகொள்ளலாம், அனுபவத்தால் முடியாது. ஸ்கோக்கியில் இருந்த பலருக்கு அது தாயையும் தம்பியையும் கடைசியாகப் பார்த்த நாளின் அடையாளம். 'இது பேச்சே இல்லை, எங்கள் வாசலுக்கு வந்து எங்களை அடிப்பது' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் முடிவு வேறாக இருந்தாலும், இதுவரை நான் கேட்ட எதிர்வாதங்களில் இதுவே கனமானது.

காலின் கூட்டத்துக்குச் சிகாகோவின் தென்பகுதியில் இருந்த மார்க்கெட் (Marquette) பூங்காவே வழக்கமான இடம். அங்கே கூட வேண்டுமானால் 2,50,000 டாலருக்குக் காப்பீட்டுப் பிணை காட்ட வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் கேட்டதால் அவர்கள் புறநகர்கள் பக்கம் திரும்பினார்கள். ஸ்கோக்கி 3,50,000 டாலர் காப்பீடு கேட்டது. எந்தக் காப்பீட்டு நிறுவனம் அந்தக் கூட்டத்துக்குப் பத்திரம் எழுதிக்கொடுக்கும்? ஆகவே 'காப்பீடு கொண்டு வா' என்பதும் 'வராதே' என்பதும் நடைமுறையில் ஒன்றே. 1977 ஏப்ரலில் உள்ளூர் நீதிமன்றம் ஊர்வலத்துக்குத் தடை விதித்தது. மே 2 அன்று ஊர் மன்றம் காப்பீடு, வெறுப்புப் பிரசுரம், இராணுவ பாணிச் சீருடை ஆகியவை குறித்து மூன்று விதிகளை நிறைவேற்றியது.

தடையை எதிர்த்து வழக்காட முன்வந்தது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம். வழக்கை நடத்திய டேவிட் கோல்ட்பெர்கர் யூதர். சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ஆர்யே நையர் பெர்லினில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி ஓடியவர். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் சினந்து சங்கத்தை விட்டு விலகினார்கள், நிதி வறண்டது. ஆனாலும் அவர்கள் பின்வாங்கவில்லை. அவர்களுடைய கணக்கு வேறாக இருந்தது. அனுமதிச்சீட்டைக் காட்டி ஊர்வலத்தைத் தடுக்கும் வழக்கத்தை அவர்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் முன்பே பார்த்திருந்தார்கள். 1963-இல் பர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங்கைக் கைதுசெய்ததும் அனுமதியில்லாமல் ஊர்வலம் போனார் என்ற குற்றச்சாட்டில்தான். அதிகாரி தன் விருப்பப்படி தரவோ மறுக்கவோ முடிகிற அந்த அனுமதிச் சட்டத்தை 1969-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. காலினுக்கு எதிராக அதே கதவைத் திறந்துவிட்டால் மறுபடியும் யார் உள்ளே வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1977 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊர்வலத்தைத் தடுத்து வைத்துக்கொண்டே மேல்முறையீட்டை இழுத்தடிக்கக் கூடாது என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 1978 ஜனவரியில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் ஸ்வஸ்திகாவைக் காட்டுவதையும் தடுக்க முடியாது என்றது. ஊர் மன்றத்தின் மூன்று விதிகளும் கூட்டரசு நீதிமன்றங்களில் வீழ்ந்தன. இவ்வளவும் வென்ற பிறகு காலின் கூட்டம் ஸ்கோக்கிக்கு வரவேயில்லை. 1978 கோடையில் சிகாகோ நகருக்குள் இரண்டு இடங்களில் கூடிக் கலைந்தது, அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் வருகிறேன், 'தீவிரவாதி' என்ற அந்தச் சொல்லுக்காக. 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது திலகர் அணியினருக்கு ஆங்கிலேயரும் மிதவாதிகளும் வைத்த பெயர் அதுதான். அந்தத் தீவிரவாதிகளில் ஒருவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததை அடுத்து, 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வ.உ.சி.யையும் காலினையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம், அது பாவம். ஆனால் அன்றைய ஆட்சியரின் மேசையில் இருந்த கோப்பில், பொது அமைதிக்கு ஆபத்தான தீவிரவாதி என்ற அந்தத் தட்டில்தான் வ.உ.சி. வைக்கப்பட்டிருந்தார். யார் தீவிரவாதி என்று முடிவுசெய்யும் பேனா யார் கையில் இருக்கும் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதற்கு இங்கிலாந்தில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. 1936 அக்டோபர் 4 அன்று, ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டைப் பாசிசக் கூட்டம் யூதர்கள் நிறைந்த கிழக்கு லண்டன் வழியே அணிவகுக்க முயன்றது. தடைசெய்யச் சொல்லி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவை அரசு ஏற்கவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் வழியைத் திறந்துவிடப் பார்த்தார்கள். யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கேபிள் தெருவில் தடுப்பரண் கட்டி மறித்தார்கள். மேல்மாடிப் பெண்கள் கையில் கிடைத்ததையெல்லாம் காவலர் தலையில் கொட்டினார்கள். கடைசியில் காவல்துறை ஆணையர் மோஸ்லியைத் திருப்பி அனுப்பினார். இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் கழித்து மைல் எண்ட் சாலையில் யூதர்களின் கடைகளை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியதை மட்டும் விட்டுவிடுவோம்.

அதன் விளைவாக வந்தது 1936-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம். அரசியல் சீருடையையும் தனியார் படை நடத்துவதையும் அது தடைசெய்தது. இந்தப் பாதியை நான் மனமார ஏற்கிறேன். கருஞ்சட்டையைக் கழற்றிய பாசிஸ்டு கருத்து எதையும் இழப்பதில்லை. பிறரை அச்சுறுத்தும் படைத்தோற்றத்தை மட்டும் இழக்கிறான். ஆனால் அதே சட்டம், ஒரு பகுதியில் மூன்று மாதம் வரை ஊர்வலங்களையே தடைசெய்யும் அதிகாரத்தையும் தந்தது. 1981-இல், பிரிக்ஸ்டன் கலவரத்துக்குப் பிறகு, லண்டனில் 28 நாள் தடை வந்தபோது, அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தாரும் ஊர்வலம் போக முடியவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள், தோற்றார்கள். மோஸ்லிக்காகச் செய்த பூட்டு 45 ஆண்டுகள் கழித்து அமைதி இயக்கத்தின் கதவில் தொங்கியது.

ஆகவே எல்லாரையும் விட்டுவிடலாமா என்றால், சார்லட்ஸ்வில் என்னைத் தடுக்கிறது. 2017 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலத்தின் அந்த ஊரில் வெள்ளை இனவாதிகள் பேரணிக்கு அனுமதி பெற்றிருந்தார்கள். நகர நிர்வாகம் வேறு பூங்காவுக்கு மாற்றப் பார்த்தது. குடிமை உரிமைகள் சங்கத்தின் வர்ஜீனியா கிளை வழக்குத் தொடுக்க, நீதிமன்றம் பழைய இடத்தையே அனுமதித்தது. ஆகஸ்ட் 11 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் தீப்பந்தங்களோடு அணிவகுத்தார்கள். மறுநாள் தலைக்கவசம், கேடயம், தடி, துப்பாக்கி என்று வந்தார்கள். தெருச் சண்டையைக் காவலர்கள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னர் நடந்த தனி விசாரணை குறை கூறியது. எதிர்ப்பாளர்கள் மீது ஒருவன் காரை ஏற்றினான். 32 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு, ஆயுதம் ஏந்தி ஊர்வலம் போக விரும்புகிறவர்களுக்காக வாதாடப்போவதில்லை என்று குடிமை உரிமைகள் சங்கம் அறிவித்தது. நாற்பது ஆண்டுகளில் ஸ்கோக்கியிலிருந்து அந்த வரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அமெரிக்க அரசியலமைப்பு 'அமைதியாகக் கூடும்' உரிமையைச் சொல்லி நின்றுவிடுகிறது. நம்முடைய 19(1)(ஆ) பிரிவு 'அமைதியாகவும் ஆயுதமின்றியும்' என்கிறது. அந்த ஒற்றைச் சொல்லில்தான் இந்தக் கேள்விக்கான என் விடை இருக்கிறது. நெஞ்சில் இருப்பதைக் காரணம் காட்டி ஊர்வலத்தை நிறுத்தாதீர்கள். கையில் இருப்பதைப் பறியுங்கள். தடி, வாள், துப்பாக்கி, இரவுத் தீப்பந்தம், படைச் சீருடை எதுவும் வேண்டாம். கையில் துண்டறிக்கை இருக்கட்டும், பதாகை இருக்கட்டும். அது எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் சரி. இன்னாரைக் கொல்லுங்கள், இந்த வீட்டைக் கொளுத்துங்கள் என்று தூண்டினால் அது அந்தக் கணமே குற்றம். அதற்குரிய வழக்கைத் தூண்டியவர் மீது போடுங்கள்.

வழி என்பது தனிச் சிக்கல். குறுகிய குடியிருப்புச் சந்துக்குள் அந்த மக்களையே இழிவுபடுத்தும் ஊர்வலத்தை விடுவது எனக்கு ஏற்புடையதன்று, நெடுஞ்சாலையில் போகட்டும். வட அயர்லாந்தில் போர்ட்டடவுன் ஊரில் கத்தோலிக்கர்கள் வாழும் கார்வஹி சாலை வழியே புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு சபையினர் போவது ஆண்டுதோறும் கலவரமானபோது, 1998-இல் ஊர்வல ஆணையம் என்ற தனி அமைப்பைச் சட்டத்தால் நிறுவி, வழியைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் காவல்துறையிடமிருந்து அதனிடம் மாற்றினார்கள். முடிவைக் காரணத்தோடு எழுதித் தர வேண்டும் என்பது அதில் எனக்குப் பிடித்த அம்சம். எழுதப்பட்ட காரணத்தை நீதிமன்றத்தில் சோதிக்கலாம். 'மேலிடத்து உத்தரவு' என்பதைச் சோதிக்க முடியாது.

காயப்பட்டவர்களுக்கு உங்கள் விடையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கோக்கியின் உயிர் தப்பியவர்கள் காத்திருக்கவில்லை. 1981-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, சிறு கடையறை ஒன்றில் தங்கள் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார்கள். 1990-இல் இல்லினாய் மாநிலம் யூதப் படுகொலை வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. 2009-இல் அதே ஊரில் பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

ஜெர்மனியில், பவேரியாவின் வுன்சீடல் என்ற சிற்றூரில், நாஜிக் கட்சியில் ஹிட்லருக்குத் துணைத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ்ஸின் கல்லறை இருந்தது. நவநாஜிகள் அங்கே ஆண்டுதோறும் வந்து நடப்பார்கள். பொது இடத்தில் நாஜி ஆட்சியைப் போற்றுவதைக் குற்றமாக்கி ஜெர்மனி 2005-இல் சட்டம் கொண்டுவந்தது. 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அதை ஏற்றது. அவர்கள் வரலாற்றுக்கு அது பொருந்தலாம். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2011-இல் கல்லறையையே அகற்றிய பிறகும் ஊர்வலம் வேறு பெயரில், வேறு தேதியில் வந்துகொண்டுதான் இருந்தது. 2014 நவம்பரில் ஊர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். நவநாஜிகள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து யூரோ வீதம், அந்த இயக்கத்தைவிட்டு வெளியேற விரும்புகிறவர்களுக்கு உதவும் அமைப்புக்கு நன்கொடை தருவதாக வணிகர்களும் குடிமக்களும் ஏற்றுக்கொண்டார்கள். நடப்பவர்களுக்கு இது முன்கூட்டித் தெரியாது. சாலையில் தூரத்தைக் குறித்து, வழியில் வாழைப்பழமும் வைத்து, ஓட்டப் பந்தயத்துக்குச் செய்வதுபோல ஊக்கப்படுத்தினார்கள். ஊர்வலம் முடிந்தபோது தங்களுக்கு எதிராகவே 10,000 யூரோ திரட்டிக் கொடுத்திருந்தார்கள் அந்த நவநாஜிகள். முடிவுக் கோட்டில் அவர்களுக்கு நன்றி சொல்லும் பதாகை ஒன்று தொங்கியது.