ஒரு கரண்டி புழு, 150 ரூபாய்!

வணக்கம் மக்களே. முதலில் இந்தத் தயிர் டப்பாவைப் பாருங்கள். இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். டப்பாவின் உள்பக்கத்தில் மினுமினுவென்று ஏதோ நெளிகிறது, தெரிகிறதா? மைக்ரோ வார்ம்! மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் குட்டிக் குட்டிப் புழு. என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போன வீடியோவில் நம் நீல ஃபைட்டர் மீன் முட்டைகளை வைக்க நுரைக்கூடு கட்டியதைக் காட்டினேன் அல்லவா? வியாழக்கிழமை குஞ்சு பொரித்தது. முதல் இரண்டு மூன்று நாள் அவை வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நுரையிலேயே கிடக்கும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே அதுவரைக்கும் சாப்பாடு. அது தீர்ந்து, படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்த அன்றே வாய்க்கு இரை வேண்டும். அதற்காகத்தான் சமையலறை அலமாரியில் எப்போதும் ஒரு டப்பா கல்ச்சர், அதாவது ஓட்ஸில் வளரும் இந்தப் புழு, வைத்திருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் திறந்தால் குப்பென்று புளித்த நாற்றம். ஓட்ஸ் நீர்த்துப்போய்க் கிடக்கிறது. ஒரு புழுகூட இல்லை. இந்த வெயில் அதைக் கொன்றுவிட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் சென்னை கொளத்தூரில் இருந்தேன். கொளத்தூர் மீன் கடைகள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கவர் கவராகத் தொங்கும் மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ், பக்கத்தில் யார் என்றே தெரியாதவரோடு கப்பி மீனின் வாலைப் பற்றி அரை மணி நேரப் பேச்சு. எல்லாம் சரி. ஒரு கடையில் மைக்ரோ வார்ம் இருந்தது. ஒரு கரண்டி 150 ரூபாய். கவருக்குத் தனியாகப் பத்து.

நான் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவள் இல்லை. நல்ல ஃபைட்டர் ஜோடிக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவேன், அதற்குப் பின்னால் ஒருவருடைய பல மாத உழைப்பு இருக்கிறது. தொட்டி, கரண்ட் பில், தினமும் தண்ணீர் மாற்றுவது, இரவு எழுந்து பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பது. இந்தப் புழுவுக்கு என்ன இருக்கிறது? வேகவைத்த ஓட்ஸ் நாலு ஸ்பூன், மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஒரு கரண்டி போட்டால் ஒரு வாரத்தில் டப்பா முழுக்க ஊரும். இதைக் கை மாற்றிக் கை கொடுத்துத்தான் நாம் எல்லோரும் வளர்த்து வந்தோம். புதிதாக வருகிற பையன் முதல் நாளே 160 ரூபாய் கொடுத்து வாங்கினால், அவன் நாளைக்கு இன்னொருவனுக்குச் சும்மா கொடுப்பானா? வாங்காமல் திரும்பிவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்த 160தான் மனதில் ஓடியது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று காலையிலேயே குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துவிட்டன. ஜாவா மாஸ் என்ற தண்ணீர்ப் பாசியும் காய்ந்த பாதாம் இலையும் போட்டு மொட்டை மாடியில் வைத்திருந்த ஜாடித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சமாளித்தேன். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைய இருக்கும். அந்த இலையைப் பொறுக்கித் தருவது நம் வாட்ச்மேன் அண்ணன். தயவுசெய்து முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றாதீர்கள். ஒரே இரவில் தண்ணீர் கெட்டு மொத்தக் குஞ்சும் போய்விடலாம். அந்த யோசனையை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். பத்து நிமிடத்தில் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். மத்தியான வெயிலில் பைக்கில் வந்து, ஈரத்துணி சுற்றிய இந்த டப்பாவை நீட்டினான். "அக்கா, இது உங்களுடையதுதான்" என்றான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜாவா மாஸ் வாங்க வந்தபோது அவனுக்கு ஒரு கரண்டி கொடுத்தேனாம். எனக்கு நினைவே இல்லை. அவன் அம்பத்தூரில் ஒருவருக்கும் ஆவடியில் இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறான். போன மே மாதம் அவனுடையதும் செத்துப்போய், ஆவடியிலிருந்து திரும்ப வாங்கி வளர்த்தது இது. மண் சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் டப்பாவை வைக்கச் சொன்னான். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது.

அப்புறம், கீழ் வீட்டு மாமாவின் டேங்க் கிளீனர் மீன் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒன்றரை அடி வளர்ந்த அதை ரெட்டேரியில் விட்டுவிடலாம் என்று வாளியோடு கிளம்பியவரைப் படிக்கட்டிலேயே நிறுத்தினேன். அது தென் அமெரிக்க மீன். ஏரியில் விட்டால் கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகும், அதன் முள் மீனவர்களின் வலையைக் கிழிக்கும். இந்தத் தம்பிக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆறடித் தொட்டி இருக்கிறதாம், நாளைக்கு எடுத்துப் போகிறார். மாமாவுக்கும் நிம்மதி.

வரும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மொட்டை மாடியில் கல்ச்சர் தருகிறேன். பணம் வேண்டாம். மூடியில் ஊசித் துளை போட்ட டப்பா கொண்டு வாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஒரு மாதத்துக்குள் நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது விரலால் டப்பாவின் ஓரத்தை வழித்துத் தொட்டியில் விடுகிறேன், பாருங்கள். ஆண் மீனை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டேன். அதோ, அந்த மூலையில் இருக்கும் குஞ்சு... வயிறு வெள்ளையாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டது!