அண்டாவுக்கு ஒரு சோறு போதுமா?

அவைத் தலைவர் அவர்களே, பள்ளி வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, காசு வாங்காமல் மைக் போட்டுக் கொடுத்த சவுண்டு சர்வீஸ் தம்பி, மதுரைப் பெருமக்களே, வணக்கம். விடுபட்ட பெரியவர்கள் மன்னிக்கவும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அணுவைவிடச் சிறியவற்றை ஆராயும் துகள் இயற்பியலுக்கு ஏன் இத்தனை தரவு, அதற்கு ஆகும் செலவு, அதில் நமக்கு என்ன வேலை.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று அம்மா தினமும் சொல்வார். திருமங்கலத்தில் அக்கா கல்யாணம். விறகடுப்பில் பெரிய அண்டா. எடுபிடிப் பையன் மேலாக ஒரு சோற்றை நசுக்கி, “வெந்திருச்சுண்ணே” என்றான். தவசுப்பிள்ளை விடவில்லை. கரண்டியை அடிவரை விட்டு நாலு பக்கமும் அள்ளினார். காற்றடித்த பக்கம் அரிசி, எதிர்ப்பக்கம் குழைந்து களி! “பழமொழி பானைக்குடா, அண்டாவுக்கு இல்ல” என்றார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். சித்தப்பா இலை இலையாகப் போய்ப் பாயசம் ஊற்றியே அரைமணி நேரம் சமாளித்தார்.

ஜெனீவா பக்கம் செர்ன் என்ற ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அண்டா, துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் வளைய இயந்திரம்; சுற்றளவு 27 கிலோமீட்டர். 2015 டிசம்பரில் அங்கே அட்லஸ், சி.எம்.எஸ் என்ற இரண்டு குழுக்களும், 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவின் அருகே தரவில் ஒரு சின்ன மேடு, அதாவது எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், தெரிகிறது என்றன. புதுத் துகளோ என்று நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் குவிந்தன. மேலும் மோதல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்; 2016 ஆகஸ்டில் மேடு கரைந்துபோனது. முதலில் கண்டது வெறும் தற்செயல். 2012 ஜூலையில் அறிவித்த ஹிக்ஸ் என்ற துகள் அப்படி இல்லை, தரவு கூடக்கூட உறுதிப்பட்டது. ஆனால் நான்கு மடங்கு தரவு சேர்த்தால் தற்செயல் பிழை பாதியாகத்தான் குறையும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு வேண்டும். செலவு எங்கே போகிறது என்று தெரிகிறதா?

சரி, வண்டியூர்க் கண்மாய்க்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தேன்! பள்ளிக்கு ஒரு மழைமானி, கண்மாய்க்கு ஓர் அளவுகோல், பிள்ளைகள் தினமும் குறித்துவைக்கட்டும் என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். “ஒரு வருஷம் பார்த்தால் தெரியாதா? ஒரு சோறு பதம், சார்” என்றார் அங்கிருந்தவர். என் அம்மாவின் பழமொழியை என்னிடமே! ஒரு வருஷம் கொட்டும், மறுவருஷம் காயும். எந்தச் சோற்றை நசுக்குவது?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.