கையில் வைத்திருப்பவர் சொல்லும் செய்தி

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில்நுட்பம், வணிகம் பற்றிய செய்திகளுக்கு வாசகர்கள் எழுதும் கருத்துகளைப் பத்திரிகைகள் இடம் மிஞ்சினால் வெளியிடும் பொருளாகவே கருதுகின்றன. அது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஒரு புதிய மென்பொருளைப் பற்றிய முதல் செய்தி பெரும்பாலும் அதை விற்கும் நிறுவனத்தின் அறிக்கையை ஒட்டியே எழுதப்படுகிறது. நிருபர் அதைச் சில நாள் பயன்படுத்திப் பார்க்கிறார். பங்குச்சந்தை ஆய்வாளர் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறார். அதை மாதக்கணக்கில் நம்பித் தொழில் நடத்துபவரோ வாசகர்தான்.

1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், பகா எண்களைப் பற்றிய தம் ஆய்வில் விடைகள் ஒத்துவராததைக் கண்டு, ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டே வந்து, இன்டெல் நிறுவனத்தின் பெண்டியம் என்ற கணினிச் சில்லே (சிப்) தவறாக வகுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அவர் எழுதிய மின்னஞ்சல் பரவியதும் பலர் தங்கள் கணினிகளில் சோதித்தார்கள். 4195835 என்ற எண்ணை 3145727 ஆல் வகுத்தால் 1.3338 என்று தொடங்க வேண்டிய விடை, அந்தச் சில்லில் 1.3337 என்று தொடங்கியது. சாதாரணப் பயனர் ஒருவர் இப்பிழையை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சந்திப்பார் என்றது இன்டெல். தேவையை நிரூபிப்பவருக்கு மட்டுமே மாற்றுச் சில் என்றும் சொன்னது. பயனர்களின் எதிர்ப்பு அடங்கவில்லை. ஐபிஎம் நிறுவனமும் அந்தச் சில் கொண்ட கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்காகக் கணக்கில் எழுதிய செலவு 47.5 கோடி டாலர். யாரும் தம் வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு வகுத்தல் கணக்குதான் அந்தக் கருத்துகளுக்கு வலிமை தந்தது.

பிரிட்டனில் நடந்தது இதைவிடக் கொடியது. அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பணப் பற்றாக்குறையை ஆதாரமாகக் கொண்டு, அந்நிலையங்களை நடத்திவந்தவர்கள் உட்பட 900-க்கும் மேற்பட்டோர் 1999 முதல் 2015 வரை குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலருக்கு, "வேறு யாருக்கும் இப்படி நேரவில்லை" என்றே பதில் கிடைத்தது. 2009-இல் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் இவ்வாறு பாதிக்கப்பட்ட ஏழு பேரின் அனுபவங்களை வெளியிட்டது. தாம் ஒருவரே சிக்கிக்கொண்டதாக அதுவரை நினைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது வழிசெய்தது. அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-இல்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் போன பத்து ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

எல்லாக் கருத்தும் இந்தத் தரத்தில் இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பவர் அதைச் சொல்லாமலே அந்நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதுகிறார். காசு கொடுத்து எழுதி வாங்கும் பாராட்டுகளும் உண்டு; அமெரிக்க அரசின் வணிக ஆணையம் (எஃப்.டி.சி.) 2024-இல் போலி மதிப்புரைகளுக்குத் தடை விதித்து விதிமுறை வெளியிடும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. ஆனால் இதைக் காரணம் காட்டி வாசகருக்குரிய இடத்தையே குறைத்துவிட்டால், மிஞ்சுவது நிறுவனத்தின் குரல் மட்டுமே.

ஆகவே, கருத்து எழுதும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். "மோசமான செயலி" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, எதை அழுத்தியபோது என்ன வந்தது, வாடிக்கையாளர் சேவையில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்த நிறுவனத்தோடு உங்களுக்குப் பணத் தொடர்பு இருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களும் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த விவரங்களை வெட்டிவிட்டுக் கோபத்தை மட்டும் அச்சிடக் கூடாது. ஒரே குறையைப் பலர் எழுதினால், அக்கடிதங்களை ஒன்றுசேர்த்து நிருபர் ஒருவரிடம் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு, வந்த பதிலைக் கடிதத்தின் கீழேயே வெளியிடுங்கள். பதில் வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

நன்றி, வணக்கம்.