பாட்டைக் காத்தவர்கள் பெண்களே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘தமிழ்நாட்டின் இசை அடையாளத்தைப் பெரிதும் காத்தவை சபாக்களும் அமைப்புகளுமா, பெண் கலைஞர்களா?’ இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், “1928இல் மியூசிக் அகாடமி வந்தது, 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது, பாடல்களை ஸ்வரப்படுத்திப் புத்தகமாகப் போட்டார்கள். இல்லாவிட்டால் எல்லாம் காற்றோடு போயிருக்கும்” என்றார்.

சரி. காற்றோடு போகவிருந்த பாட்டு ஒன்றின் கதை நம்மிடமே இருக்கிறது. திருமுறை கண்ட புராணத்தில் வரும் கதை. ராஜராஜ சோழன் தேவாரத்தைத் தேடுகிறான். நம்பியாண்டார் நம்பியின் துணையோடு தில்லையில் ஏடுகள் கிடைக்கின்றன. பாதி செல்லரித்தவை. மிஞ்சியதைத் தொகுத்தும் ஆயிற்று. அரசன் இருக்கிறான், கஜானா இருக்கிறது, ஏடும் கையில் இருக்கிறது. எப்படிப் பாடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை! கடைசியில் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். விருத்தாசலம் பக்கத்தில், இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று சொல்லும் ஊர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த மண். அவர் மரபில் வந்த ஒரு பெண்தான் தேவாரத்துக்குப் பண், அதாவது பாடும் ராகம், அமைத்துக் கொடுத்தாள் என்கிறது அந்த நூல்.

புராணக் கதைதானே என்று எதிரணி சொல்லலாம். சொல்லட்டும். எழுதியவரும் கேட்டவர்களும் ஒரு பெண்ணின் தொண்டையில்தான் பண் பிழைத்திருக்க முடியும் என்று நம்பினார்களே, அதற்கு என்ன பதில்? அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

பெயர் தெரிந்த ஒருவரிடம் வருகிறேன். பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் பிறந்தவர், தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தியாகராஜர் 1847இல் மறைந்தார். எழுபது ஆண்டு கழித்துத் திருவையாற்றில் அவர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைப் பார்த்து வருந்திக் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் நாகரத்தினம்மாளுக்கு வந்தது. அவர் நேரே போனார். நிலத்தை வாங்கினார். நகையை விற்றார். 1921இல் கோயில் வேலையைத் தொடங்கி, சில ஆண்டுகளில் கும்பாபிஷேகமும் நடத்தினார்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அங்கே ஆராதனை நடத்த ஏற்கெனவே இரண்டு அமைப்புகள் இருந்தன. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பெயர். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின: பெண்கள் அங்கே பாடக்கூடாது. கோயில் கட்டிய கைக்குத் தம்பூரா பிடிக்க இடமில்லை! நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. 1927இல் பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினார். சமாதிக்குப் பின்புறம் பெண்கள் பாடினார்கள், ஆண்டுதோறும் பாடினார்கள். 1940ஐ ஒட்டி மூன்று கட்சியும் ஒன்றாயின. இன்று தை மாதத்துப் பஞ்சமியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவதை டிவியில் பார்க்கிறோமே, அந்தக் காட்சியில் பாதி அந்த அம்மாளின் பிடிவாதம்.

“தியாகராஜர் பாடியது தெலுங்கு, அது எப்படித் தமிழ்நாட்டு அடையாளம்?” என்று எதிரணியில் ஒருவர் சைகை காட்டுகிறார். நியாயமான கேள்வி. பாடியவர் தெலுங்கு, கோயில் கட்டியவர் கன்னட நாட்டில் பிறந்தவர், பாட்டு நிலைத்தது காவிரிக் கரையில். நம் இசை அடையாளம் இப்படித்தான் உருவாகியிருக்கிறது; இதில் நான் வெட்கப்பட எதுவுமில்லை. தமிழ்ப் பாட்டுக்குத்தான் சாட்சி வேண்டும் என்றால் அதற்கும் பெண்களே வருவார்கள். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ராஜா அண்ணாமலைச் செட்டியார் கொடுத்த ஆதரவு பெரியது. ஆனால் தீர்மானம் போட்டால் மட்டும் ஜனங்கள் பாட்டைக் கேட்பார்களா? எம்.எஸ். சுப்புலட்சுமி போன்றவர்கள் அந்த மேடையில் தமிழில் பாடினார்கள், ஜனங்கள் கேட்டார்கள். டி.கே. பட்டம்மாள் பாரதியைப் பாடினார். 1947இல் ‘நாம் இருவர்’ படத்தின் வழியே அந்தக் குரல் டூரிங் டாக்கீஸ் வரை போனது.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் இன்னொரு சாட்சி. ரயிலில் பாடிப் பிழைத்த ஏழைச் சிறுமி. அவர் வளர்ந்து காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார், கூட்டம் சேர்ந்தது. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஓர் ஆணின் ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரலில் தமிழ்நாடு கேட்டது.

எழுதி வைத்ததால் பிழைத்தது என்ற வாதத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீடு இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே வீணை ஒலிக்கும். பெரிய பெரிய வித்வான்கள் வந்து சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த வீட்டில் பாடிய பதங்களை, மெதுவாக இழைத்துப் பாடும் காதல் பாடல்களை, ஸ்வரத்தோடு அச்சில் பார்த்துப் பாடிப் பாருங்கள், வராது. ஒரு சொல்லில் எங்கே நின்று, எங்கே இழைய வேண்டும் என்பதை ஒருவர் பாட இன்னொருவர் எதிரே உட்கார்ந்துதான் கற்க முடியும். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அப்படிக் கற்றார்கள். ராம்நாட் கிருஷ்ணன் போன்ற ஆண் வித்வான் பிருந்தாவிடம் வந்து கற்றார். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அந்தப் பதங்களுக்கு அபிநயம் பிடித்தார், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனார். பாட்டி முதல் பேத்தி வரை ஒரு குடும்பம் செய்த காரியம் இது.

சபா வாசலையே மிதிக்காத பெண்களையும் சொல்ல வேண்டும். ஒப்பாரி யாருடையது? நடவுப் பாட்டு? பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, மாமன் கொண்டுவந்த சீரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாடுகிறாளே, அதற்கு எந்த அமைப்பு பாடத்திட்டம் வகுத்தது? கொல்லங்குடி கருப்பாயி அந்தப் பாட்டை வானொலிக்கும் சினிமாவுக்கும் கொண்டுவந்தார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பேராசிரியராக இருந்துகொண்டே கிராமம் கிராமமாகப் போய்த் தொகுத்தார், தொகுத்ததை மேடையில் பாடியும் காட்டினார்.

“மேடை கொடுத்தது யார்?” என்று அடுத்து வரும் எதிரணி நண்பர் கண்டிப்பாகக் கேட்பார். எந்த மேடை, ஐயா? கச்சேரியின் கடினமான பகுதியான ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்று சொன்ன மேடையா? பட்டம்மாள் விரிவான பல்லவியைப் பாடி அதை உடைத்தார். மிருதங்கம் பெண்ணுக்கு ஆகாது என்ற மேடையா? புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் சிஷ்யை திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். நாகஸ்வரத்துக்கு மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் வந்தார்.

நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். 1929 முதல் 1967 வரை அகாடமி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1968இல்தான் முதல் பெண்ணாக எம்.எஸ். அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1938இல் தனம்மாள் போய்விட்டார், 1952இல் நாகரத்தினம்மாள் போய்விட்டார். இவர்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தகுதி இல்லையா? நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். கேட்டுவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.