ஒவ்வொரு வரிக்கும் ஒரு புது ஷெல்

வணக்கம் நேயர்களே. மேக்ஃபைல் என்ற பெயரைக் கேட்டதும் அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். 'மேக்' என்ற நிரல் என்னென்ன கட்டளைகளை ஓட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்புதான் அது, ஆப்பிளின் மேக்புக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தத் தலைவலி ஒருநாள் உங்கள் சாப்பாட்டு மேசைக்கும் வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் மூலமாக. "மாமா, லேப்ல சரியா ஓடுது, என் மேக்புக்ல மட்டும் நேரம் எட்டு மணி நேரம் தள்ளிக் காட்டுது" என்றான். அறிக்கையில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் வர வேண்டும் என்று, எந்த நேர மண்டலம் என்று நிரல்களுக்குச் சொல்லும் டிஇசட் என்ற சூழல் மாறியை மேக்ஃபைலின் ஒரு வரியில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, அதாவது பின்னால் வரும் கட்டளைகளுக்கும் தெரியும்படி அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் நேரத்தைக் காட்டும் டேட் கட்டளையை வைத்திருந்தான். பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் மேக் நிரல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புது ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலை, திறக்கும், வரி முடிந்ததும் மூடிவிடும். காப்பிக்கடையில் ஒருவரிடம் பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு "தே ஓ கொசோங்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையில் வெறும் "தே" என்று கேட்டால் பாலும் சீனியும் போட்டுத்தான் தருவார்கள், முன்னே சொன்னது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் லேபில் எப்படி ஓடியது? கோப்பின் தலையில் 'புள்ளி ஒன்ஷெல்' என்று ஒரு வரி, எல்லாவற்றையும் ஒரே ஷெல்லில் ஓட்டச் சொல்வது. அது 'க்னூ மேக்' என்ற மேக் வகையின் 3.82ஆம் பதிப்பில்தான் வந்தது, 2010இல். ஆப்பிள் கொடுப்பதோ 2006இன் 3.81. அதற்கு அந்த வரி புரியாது, புரியவில்லை என்று சொல்லவும் சொல்லாது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி வந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், இந்த மௌனம்தான் ஆளைக் கொல்லும்!

எங்கும் ஓடுவது பழைய முறைதான். டிஇசட் சமம் யுடிசி, ஒரு இடைவெளி, அதே வரியில் டேட். அவ்வளவுதான். பல கட்டளைகளுக்கு வேண்டுமென்றால் மாறிக்கு மதிப்பு, அரைப்புள்ளி, எக்ஸ்போர்ட், அரைப்புள்ளி, அப்புறம் கட்டளைகள். வரி நீண்டால் கடைசியில் பின்சாய்கோடு போட்டு ஒட்டுங்கள். எக்ஸ்போர்ட்டையும் மதிப்பையும் ஒன்றாகவே எழுதினால் என்ன என்பீர்கள். சோலாரிஸ் 10 என்ற இயங்குதளத்தில் இருக்கும் பழைய போர்ன் ஷெல் அதை ஏற்காது. இன்னும் சோலாரிஸா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஒரு அரைப்புள்ளி போடுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

டாலர் குறியைப் பற்றி நான் எங்கே போனாலும் பேசுவேன், இங்கேயும் விடமாட்டேன். ஷெல் மாறிக்கு இரண்டு டாலர் போடுங்கள். ஒரே டாலரோடு பாத், அதாவது பிஏடிஎச், என்று எழுதினால், மேக் அதில் 'பி' என்ற ஓரெழுத்தை மட்டும் தன் மாறியாக எடுத்துக்கொள்ளும். அது காலி, மிச்சம் 'ஏடிஎச்' மட்டும் ஷெல்லுக்குப் போகும். நல்ல நல்ல பொறியாளர்கள் இதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு டாலர், மறக்காதீர்கள், இரண்டு.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். மேக்குக்குள் மேக் ஓட்டுவதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. க்னூவில் எக்ஸ்போர்ட், பிஎஸ்டி என்ற இன்னொரு வகை மேக்கில் முன்னால் ஒரு புள்ளியோடு எக்ஸ்போர்ட், ஒன்று மற்றதில் ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் உள் மேக்கைக் கூப்பிடும் வரியிலேயே மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். மேக் கட்டளையோடு மைனஸ் ஈ போட்டால் வெளியே இருக்கும் மதிப்பு உங்கள் கோப்பில் உள்ளதை அடித்துவிடும், அதைத் தொடாதீர்கள். நன்றி, வணக்கம்.