கடைசியில் வரும் காற்று

(தங்கச்சிமடத்தில் மீனவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ரமணன் சாரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சென்னை வானிலை மையத்தில் புயல் எச்சரிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்றவர். அவர் பதவியில் இருந்தவரை, ஐப்பசி பிறந்துவிட்டால் எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர் முகம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் லீவு விடுகிற சாமி. லீவு விடுவது என்னவோ கலெக்டர், பெயர் இவருக்கு. அன்றைக்கு வெயில் அடித்தால் திட்டும் இவருக்குத்தான்!

சென்னைக்காரர்கள் மழை எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டதும் டிவியை அணைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் அப்புறம்தான் சத்தத்தைக் கூட்டுவோம். மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, இடையிடையே 65 என்று கடைசியில் ஒரு வரி வரும். வந்தால் கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதி டோக்கன் கிடையாது. டீசல் போட்டவர், ஐஸ் ஏற்றியவர், கூலிக்கு வந்தவர் எல்லார் வயிற்றிலும் அடி. அதற்காகக் காற்றைக் குறைத்துச் சொல்ல முடியுமா? குரலை ஏற்றாமல் இறக்காமல் ரமணன் சார் சொன்னது எனக்குப் பிடிக்கும். இப்போது சில சேனல்களில் புயலைவிடப் பின்னணி இசைதான் பலமாக அடிக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தபோது தமிழ்நாட்டில் டிவியே கிடையாது. அது சென்னைக்கு வந்ததே 1975-இல். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பார்த்துத்தான் கடலோரம் நிலவரம் தெரிந்துகொள்ளும். 1 என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது. 10 என்றால் பெரும் ஆபத்து. அதற்கும் மேலே 11 உண்டு: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். என்னைக் கேட்டால் 10-ஐவிடப் பயங்கரம் அதுதான்.

சரி, இன்றைக்கு ரேடார் இருக்கிறதே என்பீர்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. புயல் எதுவும் கரையைக் கடக்கவில்லை. இத்தனை சின்ன இடத்தில் மேகம் திரண்டு நிற்பதை ரேடார் சில மணி நேரம் முன்புதான் காட்டும். முந்தின நாளே ஊர்ப் பெயரோடு சொல்வது யாராலும் ஆகாது. காற்றும் அலையும் அப்படியல்ல. ஓரிரு நாள் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். அதைத்தான் டிவியில் நேரமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள்.

காற்று நிலவரத்தை முதலில் சொல்லுங்கள் என்று சேனல்களுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.